மேட்டைப் பார்த்து நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாத பிக்கப்

இடுக்கி மலையில் இருக்கும் காந்தலூரில் விடிகாலையில் பழைய டீசல் வண்டி ஒரே செல்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் பானெட்டைத் தொட்டாலே கை விறைக்கும். அதனால் பூண்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு உடுமலைக்கு இறங்கும் எங்கள் பிக்கப் காலையில் அடம்பிடிக்க ஆரம்பித்ததும் எல்லாரும் குளிரைத்தான் காரணமாகச் சொன்னார்கள். மறையூரில் வழக்கமாக வண்டி பார்க்கும் அண்ணன், "ஹீட்டர் பிளக் போயிருக்கும் தம்பி, நாலையும் மாத்திடு" என்றார். அவர் சொன்னதில் பாதி சரியாகவே இருந்தது. மீதியை நானே வீட்டு வாசலில் வைத்துத் தேடிப் பார்த்தேன். ஓய்வு நேரத்தில் எஞ்சினைக் கிளறுவது எனக்குப் பிடித்த வேலை.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்துப் பற்றவைக்கிறது. ஆக மூன்று விஷயம் வேண்டும்: எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், உள்ளே போதிய சூடு வேண்டும், டீசல் தாமதமில்லாமல் வந்து சேர வேண்டும். எங்கள் வண்டியில் இருப்பது பழைய வகை எஞ்சின். டீசல் நேராக பிஸ்டன் மேல் விழாது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் தெளிக்கப்படும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் அந்த அறையின் சுவர், நெருக்கிய காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். ஹீட்டர் பிளக் தேவைப்படுவது அதனால்தான்.

முதலில் பேட்டரி. மல்டிமீட்டரில் 12.5 வோல்ட் காட்டியது, குறை சொல்ல முடியாது. செல்ப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகாமல் இருந்தால் பேட்டரியை நம்பலாம். இது 10க்கு மேலேயே நின்றது. ஆனால் சுழற்சியில் ஒரு சோம்பல் இருந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ப் அடிக்கச் சொன்னேன். 0.8 வோல்ட். அங்கே கால் வோல்ட் தாண்டினாலே எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு சேர்க்கும் இணைப்பு, சரியில்லை என்று அர்த்தம். எர்த் வயர் உட்காரும் இடத்தைக் கழற்றி, துருவும் பெயின்ட்டும் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் 0.2க்கு வந்தது. செல்ப் சத்தமே மாறிவிட்டது. செல்ப் மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் யாரும் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம், செலவே இல்லை.

அடுத்தது ஹீட்டர் பிளக். நான்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டுத் தனித்தனியாக அளக்க வேண்டும். பட்டையோடு அளந்தால் நல்லது எது, போனது எது என்று தெரியாது. மூன்று பிளக் ஒரு ஓமுக்கும் கீழே காட்டின, அவை நல்லவை. நான்காவதில் மீட்டர் அசையவே இல்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அண்ணன் சொன்னது இங்கே பலித்தது. அதை மட்டும் மாற்றினேன்.

ஆனாலும் காலையில் பழைய கதைதான். கொஞ்சம் சீக்கிரம் பிடித்தது, அவ்வளவே.

அப்புறம்தான் சைலன்சர் பக்கம் போய் நின்றுகொண்டு தம்பியை செல்ப் அடிக்கச் சொன்னேன். இந்த வேலையில் புகையை நம்புகிற அளவுக்கு நான் வேறெதையும் நம்புவதில்லை. சூடு பற்றாமல் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், தெளிக்கப்பட்ட டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். கண் எரியும், பச்சை டீசல் வாசனை மூக்கில் ஏறும். இங்கே எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, குழாயில் ஒரு இழை புகைகூட இல்லை. பத்துப் பன்னிரண்டு விநாடி அடித்த பிறகுதான் லேசாக வெள்ளை தெரிந்தது, உடனே எஞ்சின் உதறிக்கொண்டு பிடித்தது. அப்படியென்றால் அதுவரைக்கும் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்கு டீசலே வரவில்லை. ஹீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மத்தியானம் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்த வண்டி தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. ராத்திரி முழுக்க நின்றால்தான் பிரச்சினை. அதிலும் எல்லா ராத்திரியும் இல்லை. இங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று நோயை மறைத்து வைத்திருந்தது. மலையில் எல்லாரும் வண்டியை இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவோம், காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இரண்டாவது கியரில் உருட்டிவிடலாமே என்று. அப்படி நிறுத்திய நாட்களில் வண்டி தொந்தரவு கொடுத்ததே இல்லை. வாசலில் லோடு ஏற்ற வசதியாக மேட்டைப் பார்த்து நிறுத்திய நாட்களில்தான் அடம். முகப்பு உயர்ந்து, பின்னால் இருக்கும் டேங்க் தாழ்ந்து போனால், குழாயில் எங்காவது காற்று நுழைய வழியிருக்கும்போது ஃபில்டரில் நிற்க வேண்டிய டீசல் மெல்ல மெல்ல டேங்க்குக்கே இறங்கிவிடும்.

சோதிக்க வேண்டுமென்றே மேட்டைப் பார்த்து நிறுத்தினேன். காலையில் செல்பைத் தொடாமல், ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்ப்பை அழுத்தினேன். முதலில் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று போனது. அழுத்த அழுத்தக் கெட்டியாகி, கட்டைவிரலுக்கு இறங்க மறுத்தது. ஹீட்டர் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினேன், அரைச் சுற்றில் பிடித்துவிட்டது. அத்தனை குளிரிலும்.

சரி, காற்று எங்கே நுழைகிறது? ஃபில்டருக்கும் டீசல் பம்ப்புக்கும் நடுவில் உள்ள ஹோஸுக்குப் பதிலாக கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் ட்யூபை மாட்டினேன். எஞ்சின் ஓடும்போது கடுகளவு குமிழிகள் வரிசையாகப் போயின. பிறகு டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனில் டீசல் ஊற்றி ஒரு புது ஹோஸ் வழியாக நேரே ஃபில்டருக்குக் கொடுத்தேன். குமிழி நின்றுவிட்டது. ஆக ஃபில்டரும் அதன் வாஷர்களும் சுத்தம். ஓட்டை டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். இந்த பிளாஸ்டிக் ட்யூப் சோதனைக்கு மட்டும்தான், எஞ்சின் சூட்டில் கெட்டியாகி வெடித்துவிடும் என்பதால் பார்த்ததும் கழற்றிவிட வேண்டும்.

சேஸிஸ் ஓரமாக வரும் இரும்புக் குழாயும் எஞ்சின் பக்கத்து ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் கிளிப்புக்குப் பக்கத்தில் ஹோஸை மடக்கிப் பார்த்தேன். சுற்றிலும் நகத்தால் கீறினாற்போல் மெல்லிய வெடிப்புகள். வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை. இந்தப் பகுதியில் பம்ப் டீசலை உறிஞ்சி இழுக்கிறது, அதனால் வெளியே ஒழுகாமல் காற்றுதான் உள்ளே போகும். கீழே சொட்டவில்லையே என்று பார்த்துவிட்டு நகர்ந்தால் இது கண்ணில் படாது.

டீசலுக்கென்று விற்கும் ஹோஸையே உடுமலையில் வாங்கினேன். தண்ணீர் ஹோஸ் மலிவுதான், ஆனால் டீசல் பட்டால் ஊதி நெகிழ்ந்துவிடும். இரண்டு முனைக்கும் புது கிளிப். பிறகு ஃபில்டரில் காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை பம்ப் செய்து இறுக்கினேன். நாசில் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பவர்கள் கையையும் முகத்தையும் தள்ளியே வைக்கவும். அங்கே அழுத்தம் 100 பாருக்கு மேல்; தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பதும் வேண்டாம், சூடான பிளக்கில் பட்டு நேரம் தவறி வெடித்தால் பிஸ்டனே போகும்.

இப்போது மேட்டைப் பார்த்து நிறுத்தினாலும் காலையில் முதல் செல்பிலேயே பிடிக்கிறது, புகையும் உடனே வருகிறது. அண்ணனிடம் சொன்னபோது, "டேங்க் லைன்ல டீசலைத் திரும்ப இறங்கவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒண்ணு போட்டுடு தம்பி, அப்புறம் எப்பவும் கவலையில்லை" என்றார். "வேண்டாம்ணே, அடுத்த தடவை ஹோஸ் வெடிச்சா தெரியாமப் போயிடும்" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். சேஸிஸ் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் இரும்புக் குழாயில் துரு ஏறியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதை மாற்ற வேண்டும்.