மரிக்கொழுந்தைத் தின்னும் கிரீன் மேட்

கதாநாயகி தலை நிறைய மல்லிகை வைத்து, நடுவில் ஒரு கொத்து மரிக்கொழுந்தும் செருகிக்கொண்டு கிரீன் மேட் என்னும் பச்சைத் துணி முன்னால் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் பச்சையை எடுத்ததும் மல்லிகை அப்படியே இருக்கும். மரிக்கொழுந்து மட்டும் பாதி கரைந்து, அதன் வழியே பின்னணியாகச் சேர்த்த மலை தெரியும். இது ஏன் என்று பிடிபட்டால் கீயிங் வேலையில், அதாவது பின்னணியின் நிறத்தை நீக்கி ஆளை மட்டும் பிரிக்கும் வேலையில், பாதி பிடிபட்டுவிடும்.

மென்பொருள் பச்சையைத் தேடித் தேடி அழிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது போடுவது ஒரு கழித்தல் கணக்கு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பிக்சலுக்கும், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. பச்சையிலிருந்து, மற்ற இரண்டில் எது பெரிதோ அதைக் கழிக்க வேண்டும். துணியில் சிவப்பு 0.15, பச்சை 0.60, நீலம் 0.20 என்றால் மிச்சம் 0.40. இந்த 0.40 வரும் இடமெல்லாம் ‘ஆள் இல்லை, பின்னணியைக் காட்டு’ என்று கணக்கு. முகத்தில் 0.50, 0.35, 0.25, கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, முகம் கெட்டியாக நிற்கிறது. மல்லிகையில் மூன்றும் ஏறக்குறைய சமம், விடை பூஜ்யம். மரிக்கொழுந்தில் 0.20, 0.40, 0.15. மிச்சம் 0.20, அதாவது துணியின் மிச்சத்தில் சரிபாதி. பாதி மாயமாவது அதனால்தான்.

இந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்கு முந்தியது. பெட்ரோ விளாஹோஸ் என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப வல்லுநர் 1959-இல் வந்த ‘பென்ஹர்’ படத்துக்காக இதை நீலத் திரையை வைத்து, ஃபிலிமிலேயே, லேபில் பிரிண்ட் போட்டுப் போட்டுச் செய்தார். இன்று ஒரு கிளிக்கில் வருவதற்கும் அடிப்படை அதேதான்.

ஆகவே முதல் முடிவு எடுக்கப்படுவது காஸ்ட்யூமில். கிளிப்பச்சைப் புடவை என்றால் புளூ மேட். நீலப் பாவாடை என்றால் கிரீன் மேட். மயில் கழுத்து நிறம் வந்தால் இரண்டுமே உதைக்கும். அந்த நிறத்தில் பச்சையும் நீலமும் சேர்ந்தே இருக்கின்றன. புடவையை மாற்றச் சொல்வது ஐந்து நிமிட சங்கடம். மாற்றாவிட்டால் ஃப்ரேம் ஃப்ரேமாக ரோட்டோ போட வேண்டும், அதாவது கையால் ஓரம் வரைந்து ஆளை வெட்டி எடுக்க வேண்டும். ஐந்து விநாடி ஷாட்டுக்கே 120 ஃப்ரேம். சரிகையும் தொல்லைதான். அது கண்ணாடி மாதிரி துணியின் பச்சையை வாங்கித் திருப்பிக் காட்டும், பார்டரில் ஓட்டை ஓட்டையாக விழும்.

புடவையில் பிரச்சினை இல்லையென்றால் பச்சைக்கே முதல் மரியாதை. பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. அதனால் பச்சை சேனல்தான் மூன்றிலும் சுத்தமாக இருக்கும். நீலத்தில் நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியான இரைச்சல், அதிகம். ஆனால் இரவுக் காட்சி என்றால் நீலமே மேல். முடி ஓரத்தில் கொஞ்சம் நீலம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் நிலா வெளிச்சம் என்று கண் ஏற்றுக்கொள்ளும். பச்சை ஒட்டினால் பேய்ப்படம்.

ஸ்பாட்டில் லைட்டிங் பற்றி. துணிக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு. துணியின் வெளிச்சம் முகத்தின் அளவிலோ, அரை முதல் ஒரு ஸ்டாப் குறைவாகவோ இருக்கலாம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). அதைவிட முக்கியம், நான்கு மூலைக்கும் நடுவுக்கும் வித்தியாசம் அரை ஸ்டாப்பைத் தாண்டக் கூடாது. கண்ணை நம்ப வேண்டாம். வெளிச்சத்தின் அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் மானிட்டரில் பச்சைக் கோடு மெல்லியதாக, மட்டமாக ஓடுகிறதா என்று பாருங்கள். தடித்துத் தெரிந்தால் எங்கோ சுருக்கம் இருக்கிறது, அல்லது ஆளின் நிழல் விழுகிறது. துணி ‘நல்லா தெரியட்டும்’ என்று பளீரென்று ஒளியேற்றுவதுதான் நான் அதிகம் வெறுக்கும் பழக்கம். அந்த வெளிச்சம் அப்படியே திரும்பி ஆள் மேல் விழும். எண்ணெய் வைத்த தலை, வியர்த்த கழுத்து, காதோரம் எல்லாம் பச்சையாகும். ஆளுக்கும் துணிக்கும் நடுவே குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளி விட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். ஃப்ளோர் முழுக்கப் பச்சை கட்டவும் வேண்டாம். ஆள் நகரும் இடத்துக்குப் பின்னால் மட்டும் இருந்தால் போதும். மற்றதைக் கம்ப்யூட்டரில் கோடு போட்டு வெட்டிவிடலாம். கேமரா அசைவைப் பிறகு கணக்கிடத் துணியில் ஒட்டும் டிராக்கிங் ஒட்டுகளை முடிக்குப் பின்னால் ஒட்டாதீர்கள். செட்டில் புகை போடுவதையும் தவிர்க்க வேண்டும். புகை பச்சையை வாங்கி முகத்தின் முன்னாலேயே திரை கட்டிவிடும். அதைப் பின்னால் கம்ப்யூட்டரில் சேர்ப்பதே எளிது.

கேமரா விஷயத்தில் சத்தமில்லாமல் கழுத்தறுப்பது 4:2:0 என்ற பதிவு முறை. நான்கு பிக்சலுக்கு வெளிச்சம் நான்கு, நிறம் மட்டும் ஒன்று. 1920×1080 படத்தில் நிறத்தின் உண்மை அளவு 960×540தான். கீயிங் முழுக்க நிறத்தை நம்பி நடக்கும் வேலை. அதனால் தோள் ஓரத்தில் படிக்கட்டு படிக்கட்டாக வரும், முடி கயிறாகத் திரளும். சென்சார் தந்ததை அப்படியே வைக்கும் ரா, அல்லது நிறத்தைக் குறைக்காத 4:4:4, முடியாவிட்டால் நிறத்தைப் பாதியாகக் குறைக்கும் 4:2:2, பத்து பிட்டுக்குக் குறையாமல் எடுங்கள். கேமராவுக்குள் இருக்கும் ஷார்ப்னஸை அணைத்துவிட வேண்டும். அது ஆளைச் சுற்றி ஒரு கோடு வரைந்து கொடுக்கும், அந்தக் கோடு எந்தக் கீயிலும் போகாது. ஓரம் கூராக வரட்டும் என்று ஷட்டரை 1/200 விநாடிக்கு ஏற்றுபவர்களும் உண்டு. 24 ஃப்ரேமுக்கு 1/48 என்பதை விட்டால் கை வீசும்போது வெட்டி வெட்டித் தெரியும். கைவீச்சின் மங்கலைப் பிறகு செயற்கையாகச் சேர்ப்பது கீ எடுப்பதைவிடக் கஷ்டம்.

ஆள் இல்லாமல் வெறும் துணியை அதே லைட்டில் பத்து விநாடி எடுத்து வையுங்கள். கிளீன் பிளேட். கேட்காமலேயே எடுத்துத் தரும் யூனிட்டுக்குக் கோயில் கட்டலாம்.

இனி கம்ப்யூட்டர். இங்கே ‘மேட்’ என்றால் துணி இல்லை. எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம். ஒரே கீயரில் (கீ எடுக்கும் கருவியில்) ஒரே மேட் எடுத்து முடிக்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. உடம்பில் ஓட்டை இல்லாதபடி இறுக்கினால் முடி போய்விடும். முடி வரும்படி தளர்த்தினால் உடம்பு பொத்தலாகும். அதனால் உள்ளுக்கு ஒரு கெட்டி மேட், கொஞ்சம் சுருக்கி. ஓரத்துக்கு ஒரு மென்மையான மேட். முடிக்கென்றே தனியாக இன்னொன்று. மரிக்கொழுந்து இருக்கும் இடத்தில் ரோட்டோ. நான்கையும் சேர்த்தால்தான் ஒரு ஆள்.

காற்றில் பறக்கும் ஒற்றை முடிக்கு இதுவும் போதாது. அங்கேதான் கிளீன் பிளேட் கைகொடுக்கும். ஷாட்டிலிருந்து கிளீன் பிளேட்டைக் கழித்தால் முடி துணியை எவ்வளவு கருமையாக்கியது என்ற வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அதன் நிறத்தை எடுத்துவிட்டு, புதிய பின்னணியின் மேல் சேர்த்தால் அதே அளவு கருமை மலையின் மேல் விழும். முடியை வெட்டி ஒட்டவே இல்லை, அதன் தடத்தை மட்டும் மாற்றி வைத்திருக்கிறோம்.

அடுத்தது டீஸ்பில். ஆள் மேல் படிந்த பச்சையைக் குறைப்பது. வழக்கமான வழி, பச்சை எண் மற்ற இரண்டின் சராசரியைத் தாண்டினால் அந்த அளவுக்கு இறக்குவது. முகத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மஞ்சள் கயிறு 0.90, 0.80, 0.10 என்றால் சராசரி 0.50, பச்சை 0.80-லிருந்து 0.50-க்கு இறங்கி, தாலிக்கயிறு ஆரஞ்சாகிவிடும். சராசரிக்குப் பதில் இரண்டில் பெரியதை எல்லையாக வைத்தால் மஞ்சள் பிழைக்கும், ஆனால் கன்னத்தில் லேசாகப் பச்சை தங்கும். ஆக முகத்துக்கு ஒன்று, கயிற்றுக்கு ஒன்று என்று பிரித்துப் போடுவதே வழி. பச்சையை இறக்கினால் அந்த இடம் இருண்டும் போகும். இழந்த வெளிச்சத்தைப் பின்னணியின் நிறத்தில் திருப்பிக் கொடுத்தால் ஆள் அந்த இடத்திலேயே நிற்பது போல இருக்கும்.

ஆளைச் சுற்றிக் கறுப்புக் கோடு வந்தால் பெரும்பாலும் கீயின் குற்றம் இல்லை. மேட்டின் எண்ணால் ஏற்கெனவே பெருக்கப்பட்ட, அதாவது பின்னணி வெட்டப்பட்ட, படத்தில் கலர் கரெக்‌ஷன் போட்டிருப்பார்கள், அல்லது இரண்டு முறை பெருக்கியிருப்பார்கள். முதலில் மேட்டால் வகுத்து, கலரைத் திருத்தி, மறுபடி பெருக்கிய பிறகுதான் பின்னணியின் மேல் வைக்க வேண்டும்.

பிறகு பின்னணியோடு பொருத்துவது. நிறத்துக்கு முன்னால் கருமையைப் பாருங்கள். வெளியில் எடுத்த மலையில் தூரத்துக் கருமை சாம்பல் நீலமாக இருக்கும். ஆளின் கண் மையை விடக் கறுப்பாகப் பின்னணி இருந்தால் ஆள் ஒட்டாது.

கடைசியில் நிறுத்திய ஃப்ரேமை வைத்து ஓகே சொல்லாதீர்கள். ஆளை வெறும் சாம்பல் நிறத்தின் மேல் வைத்து, காமாவை, அதாவது நடுத்தர வெளிச்சத்தை, ஏற்றி, ஓட விட்டுப் பாருங்கள். ஒரு ஃப்ரேமில் பட்டுப்போல் இருந்த முடி, ஓடும்போது உலை போலக் கொதிக்கும். சென்சாரின் நாய்ஸ் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுவதால் மேட்டும் மாறுகிறது. நாய்ஸ் நீக்கிய பிரதியிலிருந்து மேட்டை எடுத்து, நிறத்தை மட்டும் அசல் ஷாட்டிலிருந்து எடுத்தால் கொதிப்பு அடங்கும்.