சோலார் பலகை கடைசியில் வரட்டும்

'பசுமைக் கட்டடம்' என்று பெயர் வைத்தவுடன் படத்தில் முதலில் முளைப்பவை இரண்டு: மொட்டை மாடியில் சோலார் பலகை, சுவரில் தொங்கும் செடி. இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இன்றைய சோலார் பலகை சதுர மீட்டருக்குச் சுமார் 200 வாட். நல்ல வெயிலுள்ள இடத்தில் ஒரு கிலோவாட்டுக்கு வருடத்தில் 1,400 யூனிட் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 280 யூனிட் வரும். மாடியில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, நடக்க இடம் எல்லாம் போக 60 சதவீதம் பலகைக்குக் கிடைத்தால் அதிகம். அப்போது 168. ஆறு மாடிக் கட்டடம் என்றால் இந்த 168-ஐ ஆறு தளங்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு வருடத்துக்கு 28 யூனிட்தான் மிஞ்சும். முழுக்கக் கண்ணாடி போர்த்தி, முழுக்க ஏசி போட்ட அலுவலகம் அதே ஒரு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 யூனிட் வரை சாதாரணமாக இழுக்கும். மாடி தருவது ஆறில் ஒரு பங்கு தேறினால் பெரிது.

அமெரிக்காவின் சியாட்டிலில் 2013-ல் திறக்கப்பட்ட புல்லிட் சென்டர் என்ற அலுவலகக் கட்டடமும் ஆறு மாடிதான். முதலில் தேவையை வெட்டோ வெட்டு என்று வெட்டினார்கள். அதற்குப் பிறகும் தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கக் கூரை போதவில்லை. அதனால்தான் அதன் பலகைக் கூரை சுவரைத் தாண்டி நாலாபுறமும் அகலமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆக, தேவையைக் குறைப்பதுதான் முதல் வேலை. அந்த வேலையில் பாதிக்கு மேல் பிளானின் முதல் சில கோடுகளிலேயே முடிந்துபோகிறது. அங்கே விட்டதைப் பிறகு எந்த மெஷினாலும் முழுசாகப் பிடிக்க முடியாது.

முதல் கோடு, திசை. வெப்ப மண்டலத்துக்கு வெளியே நண்பகல் சூரியனின் உயரத்தைக் காண 90-லிருந்து அட்சரேகையைக் கழிக்க வேண்டும். கோடை உச்சத்துக்கு 23.5 கூட்டவும், குளிர்கால உச்சத்துக்கு 23.5 கழிக்கவும். வடக்கே 40 பாகை அட்சரேகையில் ஜூனில் 73.5 பாகை, டிசம்பரில் 26.5. தெற்கு பார்த்த 1.2 மீட்டர் உயர ஜன்னலுக்கு மேலே வெறும் 36 செ.மீ. சன்ஷேடு போட்டால் ஜூன் நண்பகல் வெயில் கண்ணாடியைத் தொடாது. அதே சன்ஷேடு டிசம்பரில் மேலே 18 செ.மீ. மட்டும் மறைத்துவிட்டு மீதி வெயிலை உள்ளே விடும். செலவே இல்லாத ஹீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகே வந்தால் கோடையில் சூரியன் வடக்கே போய்விடும், ஆகவே இரண்டு பக்கமும் நிழல் வேண்டும்.

இந்தக் கணக்கை மேற்கே கொண்டுபோனால் உடைந்துவிடும். மாலை நாலு மணி வாக்கில் சூரியன் 30 பாகையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே ஜன்னலை மறைக்க 2.08 மீட்டர் சன்ஷேடு வேண்டும். யாரும் போட மாட்டார்கள். நாலு பக்கமும் ஒரே 45 செ.மீ. சன்ஷேடை வரைந்து வைப்பதுதான் வழக்கம். மேற்கில் அது மழைக்கு உதவும், வெயிலுக்கு உதவாது. 1.5 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடியில் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுந்தால் ஏறக்குறைய 720 வாட் உள்ளே வருகிறது. அறைக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியை மாலை முழுக்கச் சூடாக வைத்திருப்பதற்குச் சமம். உள்ளே திரை போட்டால் கண்ணுக்கு இதம், அவ்வளவே. கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் வந்ததுதான். நிழல் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மேற்கில் செங்குத்தான பலகைகள், துளைகள் உள்ள ஜாலிச் சுவர், ஆழமான வராந்தா வைக்கலாம். அதைவிட நல்லது படிக்கட்டு, கழிவறை, ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைச் சுருக்குவது.

வெயிலின் கோணத்தை லேசாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடம் போதும். தெற்கு முகம் உட்குழிந்த கண்ணாடி. 2013-ல் அது வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. அடுத்த ஆண்டு முகப்பில் நிழல் பட்டைகள் பொருத்தினார்கள்.

அடுத்தது கட்டடத்தின் அகலம். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறைக்குள் காற்று, கூரை உயரத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் போகும். எதிரெதிர் ஜன்னல் இருந்தால் ஐந்து மடங்கு. மூன்று மீட்டர் உயர அறைக்கு முறையே ஆறேழு மீட்டர், பதினைந்து மீட்டர். வெளிச்சத்துக்கு ஜன்னலின் மேல் விளிம்பு முக்கியம்: அது இருக்கும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் வரை நம்பலாம். லிண்டலை (ஜன்னலுக்கு மேலுள்ள உத்தரத்தை) 2.1-லிருந்து 2.7 மீட்டருக்கு ஏற்றினால் வெளிச்சம் 4.2-லிருந்து 5.4 மீட்டருக்கு நீளும். பிறகு ஏசி டக்டுக்காக ஃபால்ஸ் சீலிங்கை இறக்கி அந்த லாபத்தையே மூடிவிடுவதும் உண்டு. முப்பது மீட்டர் அகலத் தளத்தில் நடுப்பகுதிக்குப் பகலிலும் விளக்குதான் கதி.

காற்றோட்டம் காகிதத்தில் ஓடி, கட்டடத்தில் நிற்பதற்குக் காரணங்கள் ரொம்பச் சாதாரணமானவை. ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும்; பிளானில் அம்புக்குறி போட்டவர் முழு அகலத்தையும் கணக்கில் எடுத்திருப்பார். கொசுவலை இன்னொரு கணிசமான பங்கைத் தின்றுவிடும். படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் குறுக்குக் காற்று செத்துப்போகும். கதவுக்கு மேல் ஒரு வென்டிலேட்டர் வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

கூரைக்கு வருவோம். தாழ்வான கட்டடத்தில் வெப்பம் பெருமளவு உள்ளே வரும் வழி இதுதான். 150 மி.மீ. வெறும் கான்கிரீட் தளம், உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பத்தில் ஒரு பாகை (செல்சியஸ்) வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 3.5 வாட் கடத்தும். மேலே 75 மி.மீ. கெட்டி நுரைப் பலகை பரப்பினால் அது 0.4 அளவுக்கு இறங்கும். அடுக்கு வரிசை முக்கியம்: தளம், அதன்மேல் நீர்க்காப்பு, அதன்மேல் நுரைப் பலகை, பிறகு சரிவுப் பூச்சு, வெள்ளை ஓடு. பலகை தண்ணீர் உறிஞ்சாத ரகமாக இருந்தாக வேண்டும். அதே இன்சுலேஷனைத் தளத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைத்தால் அறைக்குள் வரும் வெப்பம் குறையும்தான். ஆனால் கான்கிரீட் தினமும் வெயிலில் வெந்து விரிந்து இரவில் சுருங்கி, நீர்க்காப்பைக் கிழித்துவிடும். வெறும் வெள்ளைப் பூச்சு புதிதில் வெயிலில் எண்பது சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தூசி படியப் படியக் குறைந்துகொண்டே போகும். வருடத்துக்கு ஒரு தடவை கழுவ யாராவது பொறுப்பில் இருந்தால்தான் அதை நம்பலாம்.

தடித்த சுவர் எங்கேயும் நல்லது என்பது ஒரு மூடநம்பிக்கை. பகலுக்கும் இரவுக்கும் பத்துப் பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கும் இடத்தில் கனமான சுவர் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், இரவுக் குளிர் அதைக் கழுவிவிடும். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் ஆர்க்கிடெக்ட் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996-ல் முடிந்த ஈஸ்ட்கேட் சென்டர் இந்தக் கொள்கையில்தான் ஓடுகிறது: இரவில் மின்விசிறிகள் குளிர்ந்த காற்றைக் கான்கிரீட் தளங்களுக்கு ஊடே செலுத்துகின்றன, பகலில் அந்தக் குளிர்ச்சி அறைக்கு வருகிறது. கரையான் புற்றைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். புற்று உண்மையில் அப்படி வேலை செய்வதில்லை என்று பின்னால் உயிரியலாளர்கள் காட்டினார்கள். கட்டடம் வேலை செய்கிறது, அது போதும். இரவிலும் புழுங்கும் கடலோரத்தில் இதே சுவர், வாங்கிய சூட்டைத் தூங்குகிறவர் மேல் கொட்டும். அங்கே லேசான சுவர், பெரிய நிழல், நிறையத் திறப்பு.

குளிர் நாடுகளில் கதை நேர்மாறு: ஓட்டைகளை அடைப்பதுதான் வேலை. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கட்டிய முதல் பாசிவ் ஹவுஸிலிருந்து (மிகக் குறைந்த சூடாக்கலிலேயே கதகதப்பாக இருக்கும் வீடு) வளர்ந்த விதிமுறை, சூடாக்க வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் கூடாது என்கிறது. 50 பாஸ்கல் அழுத்தச் சோதனையில் மணிக்கு 0.6 தடவைக்கு மேல் உள்காற்று மாறக் கூடாது. இதில் சறுக்குவது எலக்ட்ரீஷியன் போட்ட துளையிலும், அறைத் தளத்தோடு ஒன்றாக வார்த்த பால்கனியிலும். அந்தப் பால்கனி குளிரை நேராக உள்ளே கடத்தும். அது சேரும் மூலையில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அழுத்தச் சோதனையை உட்பூச்சுப் பலகைகள் மூடும் முன்பே ஒரு தடவை செய்துவிட வேண்டும். முடிந்த பிறகு ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம், அடைக்க முடியாது.

இவ்வளவும் கட்டடம் ஓடும்போது ஆகும் செலவு. கட்டும்போதே காற்றில் கலந்துவிட்ட கார்பனைத் திரும்ப எடுக்க வழியில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமென்டின் பங்கு ஏழெட்டு சதவீதம். அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் சுடப்படும்போது அந்தக் கல்லே விடுவது; சூளைக்குச் சுத்தமான எரிபொருள் கொடுத்தாலும் அது நிற்காது. ஆகவே கான்கிரீட்டின் அளவைக் குறைப்பதுதான் வழி, அதில் பெரிய பிடி தூண் இடைவெளி. எட்டு மீட்டர் இடைவெளியை ஆறாக்கினால் தளத்தின் வளைவு விசை ஏறக்குறைய 44 சதவீதம் இறங்கும். தடிமனும் கம்பியும் கூடவே இறங்கும். கீழே கார் நிறுத்த வசதியாக மேல் தூண்களை நடுவழியில் வெட்டி ராட்சத பீம் மேல் உட்காரவைப்பது இதற்கு நேரெதிர் வேலை.

இரும்பு உலைக் கசடு அல்லது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்டைக் குறிப்பில் எழுதினால் மட்டும் போதாது. அது பலம் ஏற நேரம் எடுக்கும். 28 நாள் பலத்துக்குப் பதில் 56 நாள் பலத்தைக் கேட்டு எழுதி, சென்டரிங் பிரிக்கும் நாளையும் தண்ணீர் ஊற்றும் நாட்களையும் கூட்ட வேண்டும். கால அட்டவணையில் அதற்கு இடமில்லாவிட்டால் சைட்டில் சத்தமில்லாமல் பழைய சிமென்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விடக் குறைந்த கார்பன், இருப்பதை இடிக்காமல் விடுவது. பிரான்ஸின் போர்தோ நகரத்து கிராண்ட் பார்க்கில் 530 குடியிருப்புகளை லகாத்தோன், வசால் என்ற ஆர்க்கிடெக்ட் ஜோடியும் கூட்டாளிகளும் இடிக்கவில்லை, முகப்பில் 3.8 மீட்டர் ஆழக் கண்ணாடித் தோட்டமும் பால்கனியும் ஒட்டவைத்தார்கள். வேலை நடந்தபோது மக்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

வெளியே வந்தால் முதல் விஷயம் தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால், பத்து சதவீதம் கழிவு போக 22,500 லிட்டர். இதை வாங்கிக்கொள்ளும் மழைத்தோட்டத்தில் மேலே 15 செ.மீ. நீர் நிற்க இடம், கீழே 60 செ.மீ. மணல் கலந்த மண், அதற்கும் கீழே 30 செ.மீ. ஜல்லி. மண்ணில் ஐந்தில் ஒரு பங்கும் ஜல்லியில் ஐந்தில் இரண்டு பங்கும் வெற்றிடம் என்று கொண்டால் ஒரு சதுர மீட்டரில் 390 லிட்டர் அடங்கும். 58 சதுர மீட்டர் போதும். கூரைப் பரப்பில் ஆறு சதவீதம்கூட இல்லை. ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் இறங்கிவிட வேண்டும், இல்லையேல் கொசு.

வீணாவது கட்டும்போதுதான். அந்த இடத்தில் வேலை முடியும்வரை லாரியும் ரோலரும் ஓடி மண் கல்லாகிவிடும். சிமென்ட் கழுவிய தண்ணீரும் அங்கேதான் போகும். கடைசியில் தோட்டத்தின் வாய், ரோட்டு மட்டத்தைவிட இரண்டு செ.மீ. உயரமாக அமைந்துவிடும், தண்ணீர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓடிப்போகும். நீர் இறங்கும் தரைக்கல்லிலும் இப்படித்தான்: இடுக்கில் 3 முதல் 6 மி.மீ. பொடி ஜல்லி போட வேண்டிய இடத்தில் நைஸ் மணலைப் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

சியோலில் 2005-ல் மேம்பாலச் சாலையை இடித்துத் திறந்த சோங்கேசோன் ஓடையை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். நகர நடுவில் அது தந்த குளிர்ச்சி உண்மை. ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து தினமும் பம்ப் செய்யப்படுவது. இயற்கை ஓடை என்று எண்ணி அப்படியே நகல் எடுத்தால் மின் கட்டணம் புரியவைக்கும்.

மரம்: வளர்ந்து நிழல் தரும் பெரிய மரத்துக்கு ஏறத்தாழ 30 கன மீட்டர் தளர்ந்த மண் வேண்டும். நடைபாதையில் வெட்டும் ஒரு மீட்டர் குழி ஒரு கன மீட்டர்தான். பிறகு வேர் நடைபாதைக் கல்லைத் தூக்குகிறது என்று மரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. நடைபாதைக்கு அடியில் சுமை தாங்கும் கூடுகள் வைத்து மண் நிரப்பி, குழிகளை ஒரே நீளப் பள்ளமாக இணைக்க வேண்டும். கேபிளும் குழாயும் மறுபக்கம் போக வேண்டும். இந்தப் பள்ளத்தின் குறுக்குவெட்டு வரைபடம் வடிகால் வரைபடத்தோடு ஒன்றாக வராவிட்டால் மரம்தான் தோற்கும்.

தெருவை வெள்ளையடிப்பது மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. தரை குளிரும், ஆனால் திருப்பி அனுப்பிய வெயில் நடப்பவர் உடம்பில் விழும். மதியம் நடப்பவருக்குத் தேவை நிழல்.

கட்டடத்தை ஒப்படைத்த பிறகு பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு: இரவு இரண்டு மணி மின் அளவு. ஏசி, விளக்கு, லிஃப்ட், பம்ப் ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் வைத்திருந்தால்தான் அது ஏதாவது சொல்லும். யாருமில்லாத அலுவலகம் பகலில் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கை இரவிலும் இழுத்தால், ஏதோ ஒரு காற்றுக் கருவியின் டைமர் சோதனை நாளில் 'எப்போதும் ஆன்' என்று வைத்தபடியே கிடக்கிறது. கோடை ஒன்று, குளிர்காலம் ஒன்று என இரண்டு பருவத்திலும் ஆர்க்கிடெக்ட்டும் இன்ஜினியரும் வந்து அளவெடுக்க வேண்டும். அந்த வருகைக்கான கட்டணத்தை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.