ஹேங் கிளைடர் லேண்டிங்: கை முறிவதும், முறிந்த கை மறுபடி பழகுவதும்

ஹேங் கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத பாய் இறக்கை; பைலட் ஹார்னஸ் என்ற கச்சையில் அதன் கீழே தொங்கியபடி பறப்பார். இறங்கும்போது மூக்கு தரையில் குத்தியதும் கிளைடர் நின்றுவிடும். பைலட் நிற்க மாட்டார். ஹார்னஸ் பட்டையில் ஊஞ்சல்போல முன்னால் வீசப்படுவார். அப்போது ஒரு கை, முன்னால் உள்ள முக்கோணச் சட்டத்தின் பக்கக் குழாயை இறுகப் பிடித்திருந்தால் தோள் உடம்போடு போகும், பிடித்த கை அங்கேயே நிற்கும். இடையில் உள்ள மேற்கை எலும்பு ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்குண்டு உடையும். எக்ஸ்ரேயில் அந்த முறிவு திருகாணிச் சுற்றாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் ஜான் டிக்கன்சன் 1963-ல் தன் கிளைடரை இந்த முக்கோணச் சட்டத்தை வைத்துக் கட்டினார். இன்றுவரை பைலட்டின் பிடி அந்தச் சட்டத்தில்தான். இந்தக் காயமும் அந்தப் பிடியிலிருந்தே வருகிறது.

சேலத்தை ஒட்டிய சேர்வராயன் அடிவாரத்தில் லேண்டிங்கை மட்டும் தனியாகப் பிரித்துச் செய்து பார்த்ததில் தேறியவை கீழே. மலையிலிருந்து பறப்பது இதில் இல்லை. ஏற்காட்டுச் சரிவுகளில் காப்புக்காடு இருக்கிறது, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் இந்த இரண்டின் பக்கமும் கிளைடரைக் கொண்டு போகக் கூடாது.

நிலம்

அடிவாரத்தில் முதலில் மோதுவது சரிவின் கணக்கு. பகலில் வெயில் ஏறியதும் காற்று சமவெளியிலிருந்து மலையை நோக்கி ஏறும். காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். அப்படியென்றால் மலைக்கு முதுகைக் காட்டி, நிலம் சரிகிற பக்கமாக இறங்க வேண்டிவரும். பழகுவதற்கான கிளைடர் 1 மீட்டர் இறங்குவதற்குள் 8, 9 மீட்டர் முன்னால் போய்விடும். தரையை ஒட்டிப் போகும்போது இன்னும் கூடுதல் தூரம் போகும். நிலமும் 10 மீட்டருக்கு 1 மீட்டர் சரிந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வில் போகும். லேண்டிங் முடியவே முடியாது. வரப்போ வேலியோ கிணறோ, எது முதலில் வருகிறதோ அங்கேதான் முடியும்.

இதற்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயே போதும். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர் குழாயின் இரு முனையையும் தூக்கிப் பிடித்து, தரையிலிருந்து தண்ணீர் நிற்கும் உயரத்தை அளக்க வேண்டும். வித்தியாசம் 20 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அந்த நிலத்தை எடுத்துக்கொள்கிறோம். 50 தாண்டினால் விட்டுவிடுகிறோம். கண் மதிப்பை நம்ப முடியாது; பின்னால் மலை நிற்கும்போது சரிந்த நிலமும் சமமாகத்தான் தெரிகிறது. இடைப்பட்ட சரிவில் காற்று மெலிதாக இருந்தால், மேட்டை நோக்கி இறங்குவதே மேல். ஆனால் அதற்குக் கூடுதல் வேகம் வேண்டும். நிலத்தோடு சேர்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டே வந்து, ஃபிளேரையும் (கடைசி நொடியில் சட்டத்தைத் தள்ளி மூக்கைத் தூக்கிக் கிளைடரை நிறுத்துவது) தயங்காமல் முழுதாகச் செய்ய வேண்டும்.

அறுவடை முடிந்த நிலக்கடலைக் காடு எல்லாவற்றிலும் நல்லது. கோடையில் வற்றிய ஏரியும் சமமாக இருக்கும். ஆனால் வண்டல் அள்ளிய குழியும் சீமைக் கருவேல முள்ளும் மேலிருந்து தெரியாது, முழுக்க நடந்து பார்த்துவிட வேண்டும். குச்சிக்கிழங்குக் காடு பெரிய ஏமாற்று. ஆளுயரம் வளர்ந்த செடி, மேலே இருந்து பார்த்தால் புல்தரை மாதிரி இருக்கும். வேறு வழியில்லாமல் அதில்தான் இறங்க வேண்டும் என்றால் செடியின் தலையையே தரையாக வைத்து அந்த உயரத்தில் ஃபிளேர் செய்ய வேண்டும். மண்ணைப் பார்த்துக்கொண்டு இறங்கினால் சட்டம் செடியில் சிக்கி மூக்கு குத்தும். பயிர் நஷ்டத்தை அன்றைக்கே காட்டுக்காரரிடம் பேசிக் கொடுத்துவிட வேண்டும்.

காற்று

3 மீட்டர் மூங்கிலில் ரிப்பன் கட்டி நிலத்தின் இரு முனையிலும் ஒவ்வொன்று நடுகிறோம். இரண்டும் வேறு வேறு திசை காட்டினால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. வெயில் சாய்ந்ததும் மலையிலிருந்து குளிர்ந்த காற்று கீழே வழியத் தொடங்கித் திசை தலைகீழாகிவிடும். நாலு மணிக்குப் பார்த்த திசையை ஆறு மணிக்கு நம்பி இறங்கினால், காற்று முதுகில் தள்ள இறங்குவதாகிவிடும்.

சூட்டுக்கும் கணக்கு உண்டு. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர். மே மாத 38 டிகிரியில் அங்குள்ள காற்றின் அடர்த்தி, தர வளிமண்டலக் கணக்கில் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் அடர்த்திக்குச் சமம். ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும், உண்மை வேகம் கடல் மட்டத்தைவிட 6 சதவீதம் கூடிவிடும். காற்று அசையாத நாளில் அந்த 6 சதவீதத்தையும் கால்தான் ஓடித் தீர்க்க வேண்டும். உச்சி வெயிலில் பேய்க்காற்று வேறு சுழலும். ஆகவே பயிற்சி காலை 6.30 முதல் 8.30 வரை மட்டும்.

ஃபிளேர்

ஃபிளேர் கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்திருக்கிறது. தரை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் குறையும்; மெதுவாக வந்த கிளைடருக்கு அங்கே கையிருப்பு இல்லாமல் போகும். கடைசி நேர்கோட்டில் ட்ரிம் வேகத்தைவிட (கையை விட்டாலும் கிளைடர் தானாகப் பறக்கும் வேகம்) நன்றாகக் கூடுதலாக வர வேண்டும். தரைக்கு ஒன்றிரண்டு மீட்டர் மேலே சமன்செய்து, இறக்கைகளை மட்டமாக வைத்து, வேகம் தானாகக் கரையும்வரை பொறுக்க வேண்டும். பார்வை தொலைவில் இருக்கட்டும். காலுக்குக் கீழே பார்த்தால் நேரம் தவறிவிடும்.

உடம்பு நிமிர்ந்திருக்க வேண்டும். கை, தோளுக்கும் காதுக்கும் நடுவில். பிடி தளர்வாக. ட்ரிம் வேகத்தில் சட்டம் கையை இழுக்கவும் செய்யாது, தள்ளவும் செய்யாது. அதற்குக் கீழே வேகம் குறைந்தால் கிளைடர் தணியப் பார்க்கும். கையை மெல்ல முன்னே விட்டு உயரத்தைக் காக்கலாம். இனிமேல் தாங்காது என்று அது அமிழத் தொடங்கும் நொடிதான் ஃபிளேருக்கானது. அப்போது இரு கையையும் ஒரே சீராக மேல்நோக்கி முழு நீளத்துக்குத் தள்ள வேண்டும். காற்று பலமாக இருந்தால் இதில் பாதி போதும். அசையாத காற்றில் பாதி ஃபிளேர் என்பது ஆபத்து.

சீக்கிரம் செய்தால் கிளைடர் மேலே எழும்பும். பயத்தில் கையை உள்ளே இழுப்பது மிக மோசமான தவறு, மூக்கு உடனே கவிழும். தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்து, முழங்காலைச் சற்று மடக்கிக் காத்திருந்தால் பாராசூட் மாதிரி பின்பாரமாக வந்து இறங்கும். தாமதமாகிவிட்டால் ஓட வேண்டும், கையை மேலேயே வைத்து ஓட வேண்டும். ஒரு கை முந்தினால் ஒரு இறக்கை தாழ்ந்து, முனை தரையைத் தொட்டுக் கிளைடர் சுழலும்.

மூக்கு குத்தத்தான் போகிறது என்று தெரிந்துவிட்டால் இரு கையையும் விட்டுவிட்டு மார்போடு மடக்க வேண்டும். தாடை நெஞ்சோடு. இதைச் சொல்வது எளிது; விழும்போது கை தானாகவே எதையாவது பற்றும், அல்லது தரையை நோக்கி நீளும். அதனால் இதைத் தனிப் பயிற்சியாக வைத்திருக்கிறோம். உறுதியான உத்தரத்தில் ஹார்னஸைத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு முக்கோணச் சட்டம் கட்டி, இன்னொருவர் எதிர்பாராத நேரத்தில் “விடு!” என்று கத்துவார். கை மார்புக்கு வர வேண்டும். ஒரு நாளைக்கு 20 முறை.

அடிபட்ட இடத்தில்

கிளைடரை அவசரமாகத் தூக்கக் கூடாது. முதலில் பேச்சு, மூச்சு, கழுத்து வலி. கழுத்தோ முதுகோ வலித்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஆளை அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். கை மட்டும் என்றால் மோதிரம், காப்பு, கைக்கடிகாரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிட்டு, ஒரு துண்டால் தொட்டில் கட்டி, இன்னொரு துண்டால் மேற்கையை மார்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள், கட்டை விரலை நிமிர்த்தச் சொல்லுங்கள். இவற்றை நிமிர்த்தும் ரேடியல் நரம்பு மேற்கை எலும்பைச் சுற்றியே ஓடுகிறது. தண்டுப் பகுதி முறிவில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது பாதிக்கப்பட்டு மணிக்கட்டு தொங்கும். முதல் பரிசோதனையில் என்ன தெரிந்தது என்பதை நேரத்தோடு எழுதி மருத்துவரிடம் கொடுத்தால், பின்னால் முடிவெடுக்க அது மிகவும் உதவும்.

நம் பக்கம் இறுக்கமான நாட்டுக் கட்டுப் போடும் வழக்கம் உண்டு. எந்தக் கட்டாக இருந்தாலும் விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, விரலைப் பிறர் நிமிர்த்தும்போது தாங்க முடியாமல் வலித்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கட்டைத் தளர்த்திக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாரங்கள்

அறுவை செய்து பிளேட் வைப்பதா, வெளியே மாட்டும் பிரேஸ் போதுமா என்பது மருத்துவர் முடிவு. பிரேஸ் வழியில் பொதுவாக முதல் ஒன்றிரண்டு வாரம் ஸ்ப்ளின்ட் (அசையாமல் தாங்கும் கட்டு), பிறகு கழற்றி இறுக்கக்கூடிய பிரேஸ். தலையணை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றக் கூடாது. சேரும் எலும்பு அதிலேயே கோணிவிடும். விரலும் மணிக்கட்டும் முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும், மணிக்கொரு முறை 10 தடவை. மருத்துவர் சொன்னதும் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டம், பிறகு முழங்கையை மடக்கி நீட்டுவது. மணிக்கட்டு தொங்கினால் அதற்குத் தனி ஸ்ப்ளின்ட் போட்டு, மறு கையால் விரல்களை நாள்தோறும் நிமிர்த்திவிட வேண்டும். பெரும்பாலும் நரம்பு தானாகத் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். மூன்று நான்கு மாதத்தில் அறிகுறியே இல்லையென்றால் மருத்துவர் அடுத்த கட்டம் பார்ப்பார். புகை பிடித்தால் எலும்பு சேரத் தாமதமாகும், விட்டுவிடுங்கள்.

எலும்பு சேர 10, 12 வாரம் ஆகலாம். சேர்ந்தது என்று எக்ஸ்ரே சொல்வதும் கிளைடருக்குத் தயார் என்பதும் வேறு வேறு. மறுபடி தொடுவதற்கு முன் மூன்று சோதனை வைத்திருக்கிறோம். கையைக் காதோடு ஒட்டி வலியில்லாமல் தூக்க முடிய வேண்டும். ரப்பர் பட்டையைக் காலில் மிதித்துக்கொண்டு அதே ஃபிளேர் அசைவை 15 வீதம் மூன்று சுற்று செய்ய வேண்டும், இரு கையும் ஒரே நேரத்தில் மேலே எட்ட வேண்டும். பக்கவாட்டில் நின்று மொபைலில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டினால், அடிபட்ட கை பிந்துவது நன்றாகத் தெரிகிறது. அந்தப் பிந்தல்தான் இறக்கையைத் தாழ்த்தும். மூன்றாவது, 25 முதல் 30 கிலோ கிளைடரைத் தோளில் தூக்கி 50 மீட்டர் நடப்பது.

அதற்குள் கிளைடரையும் பார்த்துவிட வேண்டும். வளைந்த பக்கக் குழாயை நிமிர்த்தி மாட்டக் கூடாது, மாற்ற வேண்டும். அதே விட்டத்தில் ஊர்க் கடையில் கிடைக்கும் அலுமினியக் குழாய் அதே உலோகக் கலவை ஆகாது. கம்பி வடத்தை முனைகளில் விரலால் தடவி, ஒரு இழை அறுந்திருந்தாலும் கழற்றிவிட வேண்டும். குறுக்குக் குழாயைப் பாய்க்குள்ளிருந்து வெளியே எடுத்துப் பார்க்காத சோதனை சோதனையே ஆகாது.

திரும்பும் வரிசை: உத்தரத்தில் “விடு” பயிற்சி ஒரு வாரம். சமநிலத்தில் கிளைடரோடு ஓட்டம், காலைக்கு 10. பிறகு 5 மீட்டர் உயரக் கரட்டிலிருந்து, 12 அங்குலச் சக்கரம் மாட்டி, படுத்த நிலையில் உருண்டு இறங்குவது. நின்று இறங்குவது அதற்கு அப்புறம், காற்று மணிக்கு 8 முதல் 15 கிலோமீட்டருக்குள் சீராக இருக்கும் காலையில் மட்டும். இப்போது பயிற்சி கரட்டில் நிற்கிறது. அடுத்து, அடிபட்ட வலது கையின் பிந்தல் வீடியோவில் முற்றிலும் மறைந்த பிறகுதான் அசையாத காற்றில் முழு ஃபிளேர். அதிலும் சக்கரம் மாட்டியபடியே இருக்கும்.