தாமரைக் கோபுரம் தெரியாத ஒரு தோட்டம்

ஊடகக் கற்கைநெறியின் இறுதியாண்டுக்காக நானும் வகுப்புத் தோழர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த ஆவணப்படம் பத்து நிமிடத்துக்கும் குறைவானது. கொழும்பின் கால்வாய் ஒன்றின் கரையில், பொது ஒதுக்கமாக விடப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தமக்குள் துண்டு பிரித்துக்கொண்டு மிளகாயும் பயற்றங்காயும் பசளியும் பயிரிடுகின்ற ஒரு தோட்டமே அதன் பொருள். எந்தக் கால்வாய், எந்த வட்டாரம் என்பதை இங்கு எழுதப்போவதில்லை. படத்திலும் அது இல்லை. இடத்தைச் சொல்லாமல் ஓர் இடத்தைப் பற்றிப் படம் எடுப்பது எப்படி என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த உண்மையான பாடப்பயிற்சி.

பகிர்வுத் தோட்டங்களைப் பற்றிய படம் என்றதும் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பிரித்தானிய வகைத் தோட்டங்கள்தாம். அங்கே 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மக்கள் கேட்கும் இடத்தில் தோட்டத் துண்டுகளை ஏற்பாடு செய்வதை அது உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. பதிவு செய்யப்பட்ட வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் மன்றம் அதைக் கருத்தில் எடுத்தே ஆகவேண்டும். ஒரு துண்டின் வழமையான அளவு பத்துப் பேர்ச், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். கொழும்பில் நாம் இன்றும் காணி வாங்கி விற்கிற அதே பேர்ச்தான். யாழ்ப்பாணத்துக் கணக்கில் சொன்னால் ஒரு பரப்பு. எங்கள் கால்வாய்க் கரையில் ஆகப் பெரிய துண்டே ஒரு பேர்ச்சைத் தொடுமா என்பது சந்தேகம். ஆனால் பெரிய வேறுபாடு அளவில் இல்லை. வாடகைச் சீட்டும் ஒப்பந்தமும் கையில் உள்ள ஒருவர் கமெராவின் முன் நின்று, தன் துண்டின் இலக்கப் பலகையைக் காட்டிச் சிரிக்கலாம். கையில் எந்தச் சீட்டும் இல்லாதவருக்கு அதே படம் அவருக்கு எதிரான சாட்சியமாகிவிடக்கூடும்.

கால்வாய்க் கரையை ஒதுக்கமாக வைத்திருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 2010 நவம்பரில் பெய்த மழையில் நாடாளுமன்ற வளாகமே நீரில் நின்றதைக் கண்டவர்கள், வெள்ளம் வடியும் வழிகளில் எவரும் கைவைக்கக் கூடாது என்று சொன்னால் அதை மறுக்க முடியாது. ஆனால் 2022 ஜூனில், உணவுத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி, வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு விடுமுறை கொடுத்ததும் இதே நாடுதான். அந்த மாதங்களில் யாராவது இந்தக் கரைக்குக் கமெராவோடு போயிருந்தால் முன்மாதிரித் தோட்டம் என்று பாராட்டியிருப்பார்கள். அதே மிளகாய்ச் செடி இன்றைக்கு அத்துமீறல் ஆகலாம். தோட்டக்காரர்கள் இதை எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

முதல் முட்டுக்கட்டை சம்மதப் படிவத்தில் வந்தது. பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் என்று நிரப்பக் கேட்கும் வழமையான படிவம் அது. காணிக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாதவர்களிடம், அந்தக் காணியில் நிற்பதாக அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதித் தாருங்கள் என்று கேட்பதன் அபத்தம், படிவத்தை வாசித்துக் காட்டத் தொடங்கிய உடனேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நாங்கள் நானா என்று அழைக்கும் பெரியவர் ஒருவர் தாளை மடித்து என் கையில் திருப்பித் தந்தார். "படம் எடுங்க மகள், நாங்க வேணாம் என்டு சொல்ல இல்ல. இதுல மட்டும் எழுதச் சொல்ல வேணாம்." இறுதியில் ஒவ்வொருவரும் தம் சம்மதத்தையும் நிபந்தனைகளையும் வாய்மொழியாகச் சொல்ல, அதைத் தனி ஒலிப்பதிவாக வைத்துக்கொள்ள விரிவுரையாளர் இசைந்தார். நிபந்தனைகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. முகம் காட்டலாம், கடைசிப் பெயர் வேண்டாம் என்றார் ஒருவர். கையை மட்டும் காட்டுங்கள் என்றார் இன்னொருவர். பேரப்பிள்ளைகள் எவரும் படத்தில் வரக்கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள்.

கொழும்பில் ஓர் இடத்தை மறைப்பது எளிதன்று. 350 மீற்றருக்கும் சற்று மேலாக நிற்கும் தாமரைக் கோபுரம், மரக்கிளைக்கு மேலாகவோ மாடிக்கட்டடத்துக்குப் பக்கமாகவோ எங்கிருந்தாவது எட்டிப் பார்த்துவிடும். அது எந்தக் கோணத்தில், எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைக் கொண்டே இந்த நகரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் வட்டாரத்தைச் சொல்லிவிடுவார். ஆகவே கமெராவைத் தாழ்த்தினோம். முக்காலியின் கால்களை விரித்து, வில்லையைச் செடியின் உயரத்துக்குக் கொண்டுவந்து, வானம் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டோம். ட்ரோன் பறக்கவிட வேண்டும் என்ற ஒரு நண்பரின் ஆசை, அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும் என்பதற்கு முன்னரே, இந்தக் காரணத்தினால் அடிபட்டுப்போனது. கைபேசியில் எடுத்த துண்டுக் காட்சிகளில் இடவிபரம் தானாகப் பதியாதபடி அந்த வசதியையும் நிறுத்திவைத்தோம். ஒளிப்பதிவைப் பார்த்த சிலர் அந்தத் தாழ்ந்த கோணத்தைப் புகழ்ந்தார்கள். அது அழகியல் தேர்வு என்று நினைத்திருப்பார்கள். நாங்களும் பெரிதாக மறுக்கவில்லை.

கமெரா கீழே இறங்கியதால்தான் வரம்புகள் கண்ணில் பட்டன. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் வேலி கிடையாது. சிலர் தேங்காய்ப் பொச்சு மட்டைகளைக் கவிழ்த்து வரிசையாகப் புதைத்திருக்கிறார்கள். அது வரம்பாகவும் இருக்கும், மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் வேருக்கும் கொடுக்கும். ஒருவர் உடைந்த ஓடுகளைச் செங்குத்தாக நட்டிருக்கிறார். பயற்றங்கொடிக்கு இந்த வரம்பு தெரியாது. பக்கத்துத் துண்டின் கத்தரிச் செடி வரை தாவிப் படர்ந்து, காயை அந்தப் பக்கம் தொங்கவிடும். காய் யாருக்கு? தொங்குகிற பக்கத்துக்காரருக்கு என்பது அங்கே எழுதாத விதி. கொடியை நட்ட அன்ரி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, பக்கத்துச் சிங்களப் பெண் குனிந்து நான்கைந்து காய்களை ஒடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, இரண்டை மட்டும் பொச்சு மட்டையின் மேல் வைத்துவிட்டுப் போனார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் படத்தில் வெட்டே இல்லாமல் விட்ட ஒரே காட்சி அதுதான். ஏன் தோட்டம் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் தந்த பதில்கள், மருந்தடிக்காத மரக்கறி, மனதுக்கு ஆறுதல் என்பன போன்றவை, பெரும்பாலும் வெட்டி எறியப்பட்டன. அவை பொய்யானவை அல்ல. அந்தக் காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் வலுவற்றுத் தெரிந்தன.

கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வியும் இருந்தது. கொழும்பைச் சுற்றிய சதுப்பு நிலங்களில் விளையும் கங்குன் போன்ற கீரைகளில் ஈயம், கட்மியம் முதலிய பார உலோகங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கால்வாய்க் கரைத் தோட்டத்தைப் படம் பிடித்துவிட்டு இதைப் பேசாமல் விடுவது நேர்மை ஆகாது. பதிலாக அவர்கள் நீண்ட பச்சைக் குழாய் ஒன்றைக் காட்டினார்கள். வீதிக்கு அப்பால் உள்ள ஒரு வீட்டின் குழாயிலிருந்து தண்ணீர் வருகிறது. மாதப் பட்டியலின் மேலதிகத்தைத் தங்களுக்குள் பிரித்துக் கட்டுகிறார்கள். செடிகளிற் பெரும்பாலானவை சாக்குகளில், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் கூட்டெருவும் தும்புத் தூளும் கலந்து நடப்பட்டவை. ஆபத்து முற்றாக நீங்கிவிட்டது என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. படமும் அப்படிச் சொல்லவில்லை.

ஒலியில்தான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். கோயில் மணியும் பாங்கொலியும் அடுத்தடுத்துக் கேட்டால் ஊர்க்காரர் காதுக்கு அதுவே முகவரி ஆகிவிடும் என்று இரண்டையும் நீக்கினோம். ரயில் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். கொழும்பில் பாதிப் பேர் ரயில் சத்தத்தில்தான் கண்விழிக்கிறார்கள்.

மதிப்பீட்டில், இடமும் பின்னணியும் தெளிவாக நிறுவப்படவில்லை என்று ஒருவர் குறைசொன்னார். ஆவணப்பட இலக்கணப்படி அது சரியான குறைதான். அதற்காகக் குறைந்த புள்ளிகளை நாங்கள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டோம். தோட்டக்காரர்களுக்கு மடிக்கணினியில் போட்டுக் காட்டியபோது எவரும் அதைக் கேட்கவில்லை. நானா மட்டும் ஒரு காட்சியை இரண்டாம் முறை ஓட்டச் சொல்லி, மூலையில் தெரிந்த மின்கம்பத்தின் இலக்கத்தைச் சுட்டிக் காட்டினார். அன்றிரவே அதை வெட்டினோம். படத்தின் பிரதி இப்போது பென்டிரைவில் அவர்களிடம் இருக்கிறது. இணையத்தில் ஏற்றுவதா என்பதை அவர்கள் எல்லோரும் ஒருமித்துச் சொன்ன பிறகு பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம். அன்ரி சம்மதித்துவிட்டார். மற்றவர்கள் இன்னும் சொல்லவில்லை.