ஒரு போல்ட்டைக் கழற்றினால் ஆயில் மாற்றியது ஆகாது

27 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை மினி டிராக்டர். நெல் வயலில் சேறடிக்கவும் தோப்பில் ரொட்டவேட்டர் ஓட்டவும் ஓடுகிற வண்டி. பின்னால் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் ஏறும்போது முனகல், ரொட்டவேட்டரைத் தூக்கினால் திக்கித் திக்கி ஏறுவது, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தால் பால் காப்பி நிறத்தில் ஆயில். இத்தனைக்கும் போன சர்வீஸில் ஹைட்ராலிக் ஆயில் மாற்றியதாகப் பில் இருக்கிறது. பில்லில் மாறிய ஆயில் வண்டிக்குள் மாறவில்லை. அந்த வேலையை முதலிலிருந்து செய்து முடித்த சூட்டோடு இதை எழுதுகிறேன்.

முதல் துப்பு பில்லிலேயே இருந்தது. கையேட்டில் கியர்பாக்ஸ் கொள்ளளவு 20 லிட்டருக்கு மேல். பில்லில் 13 லிட்டர். மீதி எங்கே? பழைய ஆயிலாக உள்ளேயே. மினி டிராக்டர்களில் பெரும்பாலும் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆயில் பிரேக், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆனால் இவற்றை மூடியிருக்கும் இரும்புக் கூடான ஹவுசிங்குக்குள் தடுப்புச் சுவர்கள் உண்டு. பின் அச்சின் இரண்டு பக்கமும் தனித்தனிப் பள்ளம் உண்டு. நடுவில் கை எட்டும் டிரெயின் போல்ட்டை (ஆயில் வடிக்கும் போல்ட்) மட்டும் கழற்றினால் நடுவில் இருப்பது மட்டும் இறங்கும். இந்த வண்டியில் நடுவில் ஒன்று, பின் சக்கரங்களுக்கு உள்பக்கம் அச்சு ஹவுசிங்கின் அடியில் பக்கத்துக்கு ஒன்று. பக்கத்து போல்ட் இரண்டிலும் சேறு காய்ந்து கெட்டித்துக் கிடந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. சர்வீஸுக்கு விடுகிறவர்கள் மாடலுக்கு எத்தனை டிரெயின் போல்ட் என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் உள்ள லிட்டரைக் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். எல்லா போல்ட்டையும் கழற்றினாலும் சிலிண்டரிலும் பைப்பிலும் கொஞ்சம் தங்கும். அதனால் ஓரிரு லிட்டர் குறைவது இயல்பு. ஏழு லிட்டர் குறைந்தால் வேலை நடக்கவில்லை என்றே பொருள்.

தண்ணீர் எப்படிப் புகுந்தது என்பது அடுத்தது. கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேறடிக்கும்போது அச்சு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறும். சூடான ஹவுசிங் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி வெளியே இருப்பதை இழுக்கும். அச்சு சீல் தேய்ந்திருந்தாலும், டிப்ஸ்டிக் ஓ ரிங் இறுகிப் போயிருந்தாலும், கியர் லீவர் ரப்பர் கிழிந்திருந்தாலும், ஹவுசிங் மூச்சுவிடும் துளையான பிரீதர் சேற்றுக்குள் முங்கினாலும் தண்ணீர் உள்ளேதான். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஆயில் பிடித்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். பிரிகிற தண்ணீர் அடியில் நிற்கும். நன்றாகக் கலந்துவிட்ட ஆயிலில் பிரியாது. அப்போது சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர். தண்ணீர் கலந்த ஆயிலில் பம்பும் பேரிங்கும் தேயும், பிரேக் தட்டு துருப்பிடிக்கும். எந்த வழியில் வந்தது என்று பார்க்காமல் ஆயிலை மட்டும் மாற்றுவது காசைச் சேற்றில் கொட்டுவதுதான். இங்கே டிப்ஸ்டிக் ஓ ரிங்கும் கியர் லீவர் ரப்பரும் காரணம். இரண்டும் சேர்த்தே மலிவு.

ஆயில் வாங்கப் போன கடையில்தான் வயிற்றெரிச்சல். “68-ம் நம்பர் போடுங்கண்ணே, பொக்லைனுக்கே அதுதான் ஊத்துறாங்க” என்று கேனை எடுத்து வைத்துவிட்டார் கவுண்டரில் இருந்தவர். பொக்லைனில் ஹைட்ராலிக் ஆயில் தனி டேங்கில் இருக்கும். கியரையும் பிரேக்கையும் அது தொடாது. நம் வண்டியில் அதே ஆயிலில்தான் கியர் பல் அழுந்துகிறது, பிரேக் தட்டு உரசுகிறது. வெறும் 68-இல் கியர் பல்லின் அழுத்தத்துக்கான சேர்மானமும் பிரேக் உரசலைப் பதமாக்கும் சேர்மானமும் போதாது. பிரேக் அழுத்தினால் கிரீச்சிடும், வண்டி அதிரும். பழைய பெரிய டிராக்டர் பழக்கத்தில் 90 கியர் ஆயில் தருகிறவர்களும் உண்டு. அது கெட்டி, காலையில் பம்ப் இழுக்கத் திணறும். கேனில் தேட வேண்டியது ‘யூடிடிஓ’ (UTTO, டிராக்டரின் கியர், பிரேக், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆயில்) என்ற எழுத்தும், அதோடு உங்கள் கையேடு கேட்கிற தர எண்ணும். ஜான் டியர் என்றால் ஜே20சி, கூபோட்டா என்றால் அவர்களுடைய யூடிடி (UDT) வரிசை. இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

ஃபில்டரிலும் அதே கதை. ‘ஈக்வல்’ என்று கொடுத்தது பார்க்க ஒன்றுபோல்தான் இருந்தது. கேஸ்கெட் அளவு சரி, உயரம் சரி, மரை மட்டும் வேறு. ஸ்பின்–ஆன் ஃபில்டரில் எம்20 1.5 மரையும் முக்கால் அங்குல 16 மரையும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். எம்20 ஃபில்டர் முக்கால் அங்குல ஸ்டட்டில் லொடலொடவென்று ஏறும், இறுக்கினால் பிடித்த மாதிரியே இருக்கும். மரை அரைகுறையாகத்தான் கவ்வியிருக்கும். அதிர்விலோ அழுத்தத்திலோ பிய்த்துக்கொண்டு வரும். கடையிலேயே பழைய ஃபில்டரை நீட்டி, வெர்னியரில் மரை அளக்கச் சொல்லுங்கள். மரை பொருந்தினாலும் போதாது. பம்புக்கு முன்னால் இருக்கும் சக்‌ஷன் ஃபில்டர் ஆயிலைத் தாராளமாக விட வேண்டும். அந்த இடத்தில் இன்ஜின் ஆயில் ஃபில்டரை மாட்டினால் பம்ப் பட்டினி கிடந்து கத்தும். பாகத்தின் எண்ணைச் சொல்லி வாங்குவதே ஒரே வழி. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி (ஆயில் அழுத்தத்தால் சக்கரம் ஓடுவது) என்றால் இரண்டு ஃபில்டர் இருக்கலாம், ஒன்றை மற்றதன் இடத்தில் மாட்டக் கூடாது. டிரெயின் போல்ட் வாஷர்களையும் அப்போதே புதிதாக வாங்கிவிடுங்கள். ஒரு வாஷருக்காக இன்னொரு முறை டவுனுக்குப் போவது போல் எரிச்சல் வேறில்லை.

வடிப்பதில் சிரமமில்லை. கால் மணி நேரம் வேலை செய்து ஆயிலை வெதுவெதுப்பாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, லிஃப்ட் கையை முழுக்க இறக்கிவிடுங்கள். தூக்கிய நிலையில் விட்டால் சிலிண்டரில் இருப்பது வராது, தூக்கிய கருவிக்கு அடியில் படுப்பது உயிருக்கும் ஆபத்து. மேல் மூடியைத் திறந்துவிட்டு அடி போல்ட்டுகளைக் கழற்றுங்கள். 10 லிட்டர் வாளி ஒன்று போதாது. காந்த போல்ட்டில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற சில்லு இருந்தால் ஆயில் ஊற்றுவதற்கு முன்பே கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

தண்ணீர் கலந்த வண்டிக்கு ஒரு தடவை வடித்தால் போதாது. டீசல் ஊற்றி அலசுகிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பம்ப் மசகில்லாமல் சுழலும், பிரேக் தட்டுகளுக்கு இடையில் டீசல் நிற்கும், புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும். அதே தரத்தில் விலை குறைந்த யூடிடிஓ ஊற்றி, லிஃப்டை ஏற்றி இறக்கி, எல்லா கியரிலும் சற்று நேரம் ஓட்டி, மறுபடி எல்லா போல்ட்டையும் கழற்றி வடிப்பதே சரி. செலவு இரட்டிப்பாகும், பம்ப் விலையோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை. இரண்டாம் முறை இறங்கிய ஆயிலும் லேசாக வெளுத்துத்தான் இருந்தது.

அடுத்து, ஆளைக் கவிழ்க்கிற இடம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் கேஸ்கெட் ஹவுசிங் முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பார்க்காமல் புதியதை மாட்டினால் இரட்டை கேஸ்கெட்; அழுத்தம் வரும் ஃபில்டரானால் வண்டியை எடுத்த சற்று நேரத்தில் ஆயில் பீறிட்டுத் தரைக்குப் போகும், சக்‌ஷன் ஃபில்டரானால் பம்ப் காற்றை இழுக்கும். விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்யுங்கள். புது கேஸ்கெட்டில் ஆயில் தடவி, முகம் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று. செயின் ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டும்.

ஸ்ட்ரெய்னர் வலை இருந்தால் டீசலில் கழுவி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடியுங்கள். நூல் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். நூல் பிரிந்து பம்புக்குப் போகும். சக்‌ஷன் பைப்பின் ஓ ரிங் எப்போதும் புதிதாக இருக்கட்டும். அது நசுங்கியிருந்தால் இன்ஜின் ஓடும்போது ஆயில் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியில் ஈரமே தெரியாமல், டிப்ஸ்டிக்கில் நுரையும் லிஃப்ட்டில் திக்கலும் மட்டும் தெரியும். பம்ப் போய்விட்டது என்று புதுப் பம்ப் மாட்ட வைப்பது இந்தச் சின்ன ரப்பர் வளையம்தான். இந்த வண்டிக்கும் பம்ப் மாற்றச் சொல்லியிருந்தார்கள். பழைய ஓ ரிங் ஒரு பக்கம் தட்டையாகிக் கிடந்தது. பழைய பம்ப்தான் இன்னும் ஓடுகிறது, முனகல் இல்லை.

கொள்ளளவு முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டாம். டிப்ஸ்டிக் குறிக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, ஐட்லிங்கில் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடத்துக்குள் லிஃப்ட் அசையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பம்ப் காற்றை இழுக்கிறது. அசைந்தால் கருவி மாட்டாமல் சில தடவை ஏற்றி இறக்கி, பவர் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, லிஃப்ட்டை இறக்கி, இன்ஜினை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவு பாருங்கள். ஃபில்டரும் பைப்பும் குடித்தது போக மட்டம் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை மரையில் முறுக்கிப் பார்ப்பதா, சும்மா செருகிப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் வேறு. அதிகம் ஊற்றினால் நுரைக்கும், சூடேறும், அச்சு சீல் வழியே வழியும்.

கசிவு தேடும்போது கையால் தடவாதீர்கள். லிஃப்ட் லைனில் 150 பார் அளவுக்கு அழுத்தம் வரும். ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அப்படி நடந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கசிவு தேட ஒரு காகித அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

முன் அச்சு ஆயில் தனி. ‘ஹைட்ராலிக் மாற்றியாச்சு’ என்றால் அது மாறியதாகாது. சேற்றில் ஓடும் வண்டியில் அதையும் திறந்து பார்க்க வேண்டும். இங்கே அதிலும் வெளுப்பு இருந்தது.

இறங்கிய ஆயிலைக் கரையானுக்கு என்று வேலிக்காலில் ஊற்றாதீர்கள், வாய்க்கால் கரையில் கொட்டாதீர்கள். மூடிய கேனில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். தண்ணீர் கலந்ததைத் தனிக் கேனில் வையுங்கள்.

புது வண்டி என்றால் பல மாடல்களில் முதல் 50 மணி நேர ஓட்டத்திலேயே ஃபில்டர் மாற்றச் சொல்லியிருக்கும், கியர் தேய்மானத் துகள் அப்போதுதான் அதிகம். தண்ணீர் புகுந்து சுத்தம் செய்த வண்டிக்கும் அதே 50 மணியில் ஃபில்டரை ஒரு தடவை மாற்றிவிடுங்கள். சேறடிப்பு முடிந்ததும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். நிறம் தெளிவாக இருந்தால் ரொட்டவேட்டர் மாட்டலாம்.