ஃபுட்பால் பிடிக்காத பிள்ளைக்கு எந்தக் காலேஜ்?

நாங்கள் இருப்பது ஒஹையோவில், கொலம்பஸில். இங்கே ஃபுட்பாலை (காலால் உதைக்கும் நம்மூர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) வெறும் விளையாட்டு என்று சொன்னால் அடிக்க வருவார்கள். நவம்பர் கடைசியில் மிச்சிகன் யுனிவர்சிட்டியோடு மேட்ச் வரும் வாரம், எங்கள் ஊர் ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகத்துப் போர்டுகளில் 'எம்' எழுத்து எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டி மறைப்பார்கள், எதிரியின் முதலெழுத்து கண்ணில் படக்கூடாதாம். என் மகனுக்கு இதில் துளியும் ஆர்வம் கிடையாது. எண் கோட்பாடு, கிரேக்க வரலாறு, இரண்டில் எதைக் கையில் கொடுத்தாலும் சாப்பாட்டை மறந்துவிடுவான்.

இந்த வருஷம் காலேஜுக்கு அப்ளை பண்ணுகிறான். தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டி வேண்டாம், சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜாக (கலை, அறிவியல் எல்லாம் கலந்து இளநிலை மட்டத்தில் சொல்லித்தரும் காலேஜ்) பாருங்கள், அங்கே படிக்கிற பிள்ளைகள்தான் இருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குப் போட்டால் இடிக்கிறது.

ஒஹையோ ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆனால் அந்த யுனிவர்சிட்டி அணிகளில் ஆடுகிறவர்கள் ஆயிரம் சொச்சம்தான், இளநிலை மாணவர்களோ நாற்பதாயிரத்துக்கு மேல். நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர். மாசசூசெட்ஸ் மலைப்பக்கம் இருக்கிற வில்லியம்ஸ் காலேஜில் மொத்தமே சுமார் 2,000 பேர், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஏதாவது ஓர் அணியில் இருப்பார். காலேஜ் விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் த்ரீயில் ஆடுவதால் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் கோச் கைகாட்டும் பிள்ளைக்கு அட்மிஷனில் மவுசு உண்டு. படிப்பு மோசம் என்று சொல்ல வரவில்லை, கணிதத்தில் அருமையான இடம். எங்கள் ஒஹையோவிலேயே கென்யன் இருக்கிறது, எழுத்தாளர்களுக்குப் பேர்போன காலேஜ். ஆண்கள் நீச்சலில் 1980 முதல் 2010 வரை 31 வருஷம் விடாமல் தேசிய சாம்பியனும் அதுதான்!

இந்த விகிதத்தை யாரையும் கேட்கத் தேவையில்லை. எந்தக் காலேஜில் அணிகளில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று அமெரிக்கக் கல்வித்துறை வருஷா வருஷம் வாங்கி இணையத்தில் போடுகிறது, ஈ.ஏ.டி.ஏ. என்று தேடினால் வரும். மொத்த மாணவர் எண்ணிக்கையும் அதிலேயே இருக்கிறது, வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சிகாகோ யுனிவர்சிட்டி கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய யுனிவர்சிட்டிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பான பிக் டென்னை ஆரம்பித்தவர்களில் அதுவும் ஒன்று. காலேஜ் ஃபுட்பாலில் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் டிராஃபியை 1935இல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கர் அங்கே ஆடியவர். நாலே வருஷத்தில், 1939இல், பிரசிடென்ட் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பாலை மூட்டை கட்டிவிட்டார். 1942 டிசம்பரில் அந்த ஸ்டேடியத்துக் கேலரிக்கு அடியில்தான் இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு மனிதன் கட்டுப்படுத்திய முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. அப்புறம் ஸ்டேடியத்தை இடித்துவிட்டு அங்கே லைப்ரரி கட்டினார்கள். 1969இல் ஃபுட்பால் திரும்பி வந்தது, ஆனால் பழைய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல்.

போர்ட்லாண்டின் ரீட் காலேஜ் இன்னும் ஒரு படி மேல். காலேஜ் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பக்கமே போவதில்லை. ஒழுங்காகப் படிக்கும் பிள்ளைக்கு, அவனாகக் கேட்டால் ஒழிய கிரேடைச் சொல்ல மாட்டார்கள். கடைசி வருஷம் எல்லாரும் தீசிஸ் எழுதியாக வேண்டும். வளாகத்தில் ஒரு சின்ன அணு உலை இருக்கிறது, இளநிலை மாணவர்களே லைசென்ஸ் வாங்கி அதை ஓட்டுகிறார்கள். மகன் அதிலேயே விழுந்துவிட்டான். ஊரிலிருந்து மச்சான் போனில், "ரீடா? அது எங்க மாப்ள இருக்கு, கேள்விப்பட்டதே இல்லையே?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இங்கேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு ஒஹையோ ஸ்டேட்டை நான் லிஸ்டிலிருந்து எடுக்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு ஃபீஸ் குறைவு. நாற்பதாயிரம் பேரில் இவனைப் போன்றவர்கள் ஒரு கூட்டமாவது கிடைப்பார்கள், தயாரென்றால் முதுகலைக் கணித வகுப்பிலும் உட்காரலாம், மேட்ச் உள்ள சனிக்கிழமைகளில் ஸ்டேடியத்தை ஒட்டிய லேன் அவென்யூ பக்கம் போகாமல் இருந்தால் சரி. வளாகம் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: டூர் கூட்டிப் போகிற பிள்ளை சொல்வதோடு நிற்காதீர்கள், ஒரு வகுப்பில் உட்காருங்கள், வியாழன் ராத்திரி மெஸ்ஸில் பக்கத்து மேசையில் என்ன பேச்சு ஓடுகிறது என்று காது கொடுங்கள்.

இப்போதைக்கு லிஸ்டில் சிகாகோ, ரீட், ஒஹையோ ஸ்டேட். ரீட் ரொம்பத் தூரம் என்று அவன் அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.