அப்பாவின் முதுகிலிருந்து எடுத்த 40 மில்லி

என் அப்பாவுக்கு 70 வயதில் நடை மாறத் தொடங்கியபோது, வீட்டில் யாரும் அதை நோயாக நினைக்கவில்லை. கால்களை அகட்டி, பாதத்தைத் தூக்காமல் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தார்; திரும்ப வேண்டுமென்றால் ஏழெட்டு அடி வைத்துத்தான் திரும்பினார். முழங்கால் தேய்மானம் என்று ஓராண்டு போயிற்று. அடுத்து ஒரு மருத்துவமனையில் பார்க்கின்சன் என்று முடிவுகட்டிக் கொடுத்த மாத்திரைகளை எட்டு மாதம் சாப்பிட்டும் பலனில்லை. அதற்குள் சிறுநீரை அடக்க முடியாத தொல்லையும், காலையில் பேசியதை மாலையில் மறப்பதும் சேர்ந்துகொண்டன. அவற்றையும் வயதின் கணக்கில்தான் எழுதினோம்.

மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் நாங்கள் மூன்றாவதாகச் சென்ற நரம்பியல் மருத்துவர். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் உள்ளறைகள் விரிந்திருப்பதைக் காட்டி, இது நார்மல் பிரஷர் ஹைட்ரோசெபலஸாக, அதாவது மூளைக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நோயாக இருக்கலாம் என்றார். கொலம்பியாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் சாலமோன் ஹக்கீம் 1965-இல் மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த நோய் அது. பெரியவர்களின் மூளை உள்ளறைகளிலும், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியும் சுமார் 150 மில்லி திரவம் இருக்கிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரந்து, அதே அளவு இரத்தத்தில் கலக்கிறது. இந்த வரவுசெலவு பிசகினால் உள்ளறைகள் விரிகின்றன. ஆனால் வயதானவர்களின் மூளை சுருங்கும்போதும் அறைகள் பெரிதாகத் தெரியும் என்பதால், படத்தை மட்டும் நம்பி அறுவை சிகிச்சைக்குப் போக முடியாது. கொஞ்சம் திரவத்தை வெளியே எடுத்துவிட்டு நடை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

முதுகில் ஊசி என்றதும் உறவினர்கள் கால் விழுந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்புக்கு அருகிலேயே முடிந்துவிடுவதையும், ஊசி அதற்குக் கீழேதான் இறங்குவதையும் மருத்துவர் வரைந்து காட்டிய பிறகுதான் அம்மா சம்மதித்தார். இரத்தம் உறையாமலிருக்க அப்பா எடுத்துவந்த குளோபிடோக்ரல் மாத்திரையை, இதய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு வாரம் முன்பே நிறுத்தினோம்.

முந்தைய நாள் மாலை, ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த ஓர் இளம் மருத்துவர் தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தோடு வந்தார். எப்படியும் எடுக்கப்போகும் திரவத்தில் 10 மில்லியை ஆய்வுக்குத் தர இயலுமா என்பது கேள்வி. தர மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்று படிவத்திலேயே இருந்தது. நான் பேனாவை எடுத்துவிட்டேன். அவர் என்னைத் தடுத்து, அப்பாவிடமே நிதானமாக விளக்கி, புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டார். மறதிக்காரர் என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தவர், "அந்தத் தண்ணியை எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?" என்று கேட்டார். எனக்குத் தோன்றாத கேள்வி அது.

மறுநாள் காலை முதலில் நடைதான். தாழ்வாரத்தில் 10 மீட்டருக்கு நாடா ஒட்டி, நிறுத்துக் கடிகாரத்தோடு வீடியோவும் எடுத்தார்கள்: 24 வினாடி, 31 அடி. பிறகு அப்பாவைப் பக்கவாட்டில் சுருண்டு படுக்க வைத்து, முதுகை மரத்துப்போகச் செய்து ஊசியை இறக்கினார்கள். திரவம் தண்ணீரைப்போலத் தெளிவாக, சொட்டுச் சொட்டாக வந்தது. 40 மில்லி எடுக்க அரை மணி நேரமானது. கண்ணாடிக் குழாய் எதையும் காணவில்லை. மறதி நோயான அல்சைமருக்காக அளக்கும் அமிலாய்டு புரதம் கண்ணாடியிலும் சிலவகைப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைவாகக் காட்டிவிடும் என்பதால் பாலிபுரொப்பிலீன் குழாய்களையே பயன்படுத்துகிறார்கள். ஆய்வுக்கான பங்கைச் சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க உடனே கொண்டுபோனார்கள்.

மூன்று மணி நேரம் கழித்து அதே தாழ்வாரத்தில் 16 வினாடி, 22 அடி. அம்மாவுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. செருப்புத் தேயும் சத்தம் நின்றுவிட்டது என்றார். எடுத்த திரவம் இரண்டொரு மணி நேரத்தில் மீண்டும் சுரந்துவிடும் கணக்கு இருக்க, மறுநாளும் நடை நன்றாகவே இருந்ததை மருத்துவரிடம் கேட்டேன். ஊசித் துளை வழியே உள்ளுக்குள் மேலும் கசிவது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். இந்தச் சோதனையில் மாற்றம் தெரியாதவர்களிலும் சிலர் அறுவை சிகிச்சையால் பலன் பெறுகிறார்கள் என்றும் சொன்னார். இரண்டு நாள் எழுந்து உட்கார்ந்தால் தலைவலி இருந்தது; படுத்தால் விட்டது.

புரத அளவுகளில் அல்சைமரின் சாயல், அதாவது அமிலாய்டு 42 குறைந்து டௌ புரதம் கூடியிருப்பது, தெரியவில்லை. அதன் பிறகே ஷண்ட் வைத்தார்கள்: மூளை அறையிலிருந்து தோலுக்கடியில் வயிற்றுக்குள் இறங்கும் மெல்லிய குழாய், காதுக்குப் பின்னால் ஒரு வால்வு. ஷண்டுக்கு முதன்முதலில் நம்பகமான வால்வு கிடைத்தது 1950-களில், அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்ற இயந்திரத் தொழிலாளி தலையில் நீர்கோத்த தன் மகனுக்காகச் செய்தபோது. அப்பாவுக்கு வைத்தது வெளியிலிருந்தே காந்தத்தால் அழுத்தத்தை மாற்றக்கூடிய வகை; ஆறு மாதத்தில் இருமுறை மாற்றினார்கள்.

நடை திரும்பியது, சிறுநீர்த் தொல்லை பெருமளவு குறைந்தது. மறதி கொஞ்சம்தான் தேறியிருக்கிறது. மூன்றில் அதுதான் குறைவாகத் தேறும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கைபேசியை வால்வு இருக்கும் பக்கத்தில் வைத்துப் பேசாமலிருக்க மட்டும் இன்னும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வால்வின் விவர அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், எடுத்த பிறகு அழுத்த அளவைச் சரிபார்க்கச் சொல்லி அதைக் காட்ட வேண்டும்.